நிமிடத்துக்கு ஒன்பது மில்லி

நவம்பர் கடைசி. ட்ரோம்சோவில்
சூரியன் இனி ஜனவரியில்தான்.
அறுவை அரங்கின் விளக்குக்கு அதெல்லாம் தெரியாது.

ஹால்வார், அறுபத்தேழு வயது,
நகராட்சிக் குடிநீர்ப் பிரிவு.
முப்பது வருடம் நள்ளிரவுத் தெருக்களில்
பனியைத் துளைத்து ஓர் இரும்புக் கம்பியை ஊன்றி
மறுமுனையில் காதை வைத்து
எந்தக் குழாய் எங்கே கசிகிறதென்று கேட்டவர்.
தன்னுடையது அடைத்துக்கொண்டதை மட்டும்
வீட்டுப் படிக்கட்டு சொல்லித்தான் அறிந்தார்.

நெஞ்சு யுரூனின் பொறுப்பு. கால் என்னுடையது.
காரியம் ஆகவேண்டி
இதயம் காலைப் பிடிக்கிற இடம் இது.

கணுக்காலிலிருந்து மேலே கீறிச் சிரையைத் தேடுகிறேன்.
நான் தொழில் கற்ற நாளில்
கொழுப்பை வழித்து, நூல்போல் உரித்து,
உப்புநீரை ஊசியால் ஏற்றி
விம்மவைத்துப் பார்ப்போம், ஒழுகுகிறதா என்று.
ஒழுகாது. பளபளவென்று அழகாக இருக்கும்.
உள்ளே பட்டுபோன்ற ஒற்றைப் படலம்
எங்கள் அழுத்தத்தில் கிழிந்திருக்கும்.
வருடங்கள் கழித்துத் திரும்பி வந்தவர்களிடம்
அதைப் பார்த்தோம்.

இப்போது சிரைமேல் விரல் படுவதில்லை.
சுற்றிய மஞ்சள் கொழுப்போடு,
தாய்மண் பிடித்த நாற்றைப்போல் எடுத்து
அவருடைய ரத்தத்திலேயே ஊறவைக்கிறேன்.
காலில் காயம் பெரிதாகும். ஆறாமல் நச்சரிக்கும்.
தெரிந்தேதான் வெட்டுகிறேன்.

சிரைக்குள் கதவுகள் உண்டு,
மேல்நோக்கி மட்டும் திறப்பவை.
அதனால் தலைகீழாய்த் தைக்கவேண்டும்:
கணுக்கால் முனை பெருந்தமனிக்கு,
தொடை முனை இதயத்துக்கு.

மூன்று இணைப்பு. கவ்வியை எடுத்தாயிற்று.
இதயம் வெறுங்கையில் பிடித்த மீனாய் ஒருமுறை துள்ளிப்
பிறகு தன் நடையைப் பிடித்துக்கொண்டது.
யுரூன் அளவியின் கொக்கியைச் சிரையில் மாட்டுகிறாள்.
கூழ் ஒரு சொட்டு. ஒலி போகிறது, ஒலி வருகிறது,
திரையில் அலை.

முதலாவது, ஐம்பத்தொன்று.
இரண்டாவது, நாற்பத்து நான்கு.
மூன்றாவது

ஒன்பது.
நிமிடத்துக்கு ஒன்பது மில்லி.
இரண்டு தேக்கரண்டிகூட இல்லை.

யாரும் பேசவில்லை.
மயக்க மருத்துவர் பிர்ஜெர்
ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றிப் பார்த்தார். பதினொன்று.
தொட்டால் துடிப்பு இருக்கிறது.
முட்டுச்சுவரில் மோதும் அலைக்கும் துடிப்பு உண்டு;
விரல் அங்கேதான் ஏமாறும்.

இதயத்தோடு போட்ட தையல் என்று
யுரூன் நினைத்திருப்பாள்.
அதைப் பிரிப்பதென்றால்
இப்போதுதான் நடக்கத் தொடங்கியதை
மறுபடி நிறுத்தவேண்டும்.
கத்தரிக்குக் கையை நீட்டிவிட்டாள்.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது:
மூன்றாம் துண்டில் மட்டும்
நான் நீலக் கோடு போடவில்லை.
பேனா உலர்ந்திருந்தது. இன்னொன்று கேட்கச் சோம்பல்.
ஒரே ஒரு கோடு. நேராக ஓடினால் சிரை நேர்,
சுற்றிக்கொண்டு போனால் முறுக்கு.
கொழுப்புப் போர்வைக்குள் முறுக்கு வெளியே தெரியாது.

"தையல் இல்லை. திருகியிருக்கிறது.
கோடு போடாதது நான்," என்றேன் முகமூடிக்குள்.
பதினெட்டு வருடத்தில் என் குரல்
அந்த அறையில் இவ்வளவு பெரிதாய்க் கேட்டதில்லை.

அவள் என்னைப் பார்க்கவில்லை.
பெருந்தமனி முனையைப் பிரித்தாள்,
அரைச்சுற்றுத் திருப்பினாள், தைத்தாள்.
கொக்கி. கூழ்.
நாற்பத்தேழு.
"மூடலாம்," என்றாள்.
குறிப்பேட்டில் அந்த ஒன்பதையும் எழுதச் சொன்னாள்.

ஆறு வாரம் கழித்து ஹால்வார் வந்தார்,
பாலத்தை நடந்தே கடந்து.
மூச்சு? நெஞ்சு?
"அது பாட்டுக்கு இருக்கிறது.
இந்தக் கால்தான் தூங்கவிடமாட்டேன் என்கிறது.
யார் வெட்டியது இதை?"

நான்தான் என்றேன்.
கட்டைப் பிரித்துக் குனிந்தேன்.
முழங்காலுக்குக் கீழே, ஓர் ஓரத்தில், இன்னும் கசிவு.
எனக்கு முன்பே
அவர் அங்கே விரலை வைத்திருந்தார்.